அரசு அலுவலகத்தில் சம வாய்ப்பு: உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகம். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதி வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆன ஒரு பெண் கேட்கிறார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், ஆனால் பொதுப் பிரிவுக் கட் ஆஃபையே தாண்டி மார்க் வாங்கியவர். "யாரும் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து தபால் பிரிவிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள், பயிற்சிக்கு என் பெயர் போவதே இல்லை, கோட்டாவில் வந்த பொண்ணு என்று காதுபடப் பேசுகிறார்கள். இதை எங்கே போய், என்னவென்று சொல்வது? சம வாய்ப்பு என்பது இட ஒதுக்கீட்டோடு முடிந்துவிடுமா?"

முடியாது. இட ஒதுக்கீடு உள்ளே வரும் வாசல் மட்டும்தான். உள்ளே வந்த பிறகு முப்பது வருடம் ஒருவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதுதான் பெரிய விஷயம், அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. நான் மத்திய அரசு அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், அதில் பாதிக் காலம் நிர்வாகப் பிரிவு. எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று குறிக்கும் ரோஸ்டர் பதிவேடும், சீனியாரிட்டி லிஸ்ட்டும் என் மேஜையில்தான் இருந்தன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அரசு அலுவலகத்தில் உரிமை காகிதத்தில் வருகிறது, போவதும் காகிதத்தில்தான் போகிறது. ஒரு தேதி, ஒரு மார்க், ஒரு கட்டம், ஒரு சுற்றறிக்கை உங்கள் மேஜைக்கு வராமல் போனது, இவ்வளவுதான். அதனால் அதைப் பிடிப்பதும் காகிதத்தில்தான் முடியும்.

ஒரு காலத்தில் பாகுபாட்டை விதியாகவே அச்சடித்து வைத்திருந்தார்கள். சி.பி. முத்தம்மா என்று ஒருவர், குடகில் பிறந்து சென்னையில் கல்லூரி படித்தவர், 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியின் 1961-ஆம் ஆண்டு விதிகளில் இரண்டு விதிகள் இருந்தன. பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். இது ஒன்று. திருமணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் கேட்க உரிமையே கிடையாது என்பது இன்னொன்று. ஆணுக்கு இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு, மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1950-லிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது!

மேல்நிலைப் பதவிக்கான தேர்வில் முத்தம்மாவைத் தாண்டிப் போனார்கள். தகுதி போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதே அதிகாரியைத் தகுதியானவர் என்று கண்டுபிடித்துப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள். 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பதவி உயர்வு வந்துவிட்டதால் மனுவைத் தள்ளுபடி செய்கிறோம், ஆனால் பிரச்சினையைத் தள்ளுபடி செய்யவில்லை என்ற பொருளில் முடித்தார். இழந்த சீனியாரிட்டியை மறுபரிசீலனை செய்யவும் சொன்னார். அந்தச் சீனியாரிட்டி விஷயத்தைக் கவனியுங்கள். பதவி உயர்வு சில மாதம் தள்ளிப்போனால் என்ன என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அந்தச் சில மாதத்தில் பத்துப் பேர் உங்களுக்கு மேலே போய்விடுவார்கள், ஓய்வு பெறும் வரைக்கும் அவர்கள் மேலேயேதான் இருப்பார்கள்.

இன்று அப்படி ஒரு விதியை யாராலும் எழுத முடியாது. ஆனால் எழுதாமலேயே அதே பலனைக் கொண்டுவர முடியும். எப்படி என்று ரோஸ்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான முதல் பதில் அங்கேதான் இருக்கிறது.

ரோஸ்டர் பதிவேடு ஒரு நீளமான நோட்டு, இப்போது பல இடங்களில் கணினியில். இடது ஓரத்தில் வரிசை எண். அதற்கு அடுத்த கட்டத்தில் அந்த எண் யாருக்கானது என்று இருக்கும். அகில இந்தியப் போட்டித் தேர்வு வழி நேரடி நியமனத்தில் எஸ்.சி. 15 சதவீதம், எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு 10. இந்தச் சதவீதங்களை வரிசையாகப் பிரித்துப் போட்டால் 4-ஆவது எண் ஓ.பி.சி., 7-ஆவது எஸ்.சி., 8 மறுபடி ஓ.பி.சி., 10 நலிந்த பிரிவு, 14 எஸ்.டி., 15 மறுபடி எஸ்.சி. என்று போகும். அப்புறம் ஊழியரின் பெயர், நியமன தேதி, அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று ஒரு கட்டம், எந்தப் பிரிவு இடத்தில் நிரப்பப்பட்டார் என்று வேறொரு கட்டம், கடைசியில் அதிகாரியின் கையெழுத்து. கடைசி இரண்டு பிரிவுக் கட்டங்களும் வேறு வேறு என்பதுதான் முக்கியம். நீங்கள் எஸ்.சி. என்பது ஒரு கட்டம். நீங்கள் நிரப்பியது பொது இடமா எஸ்.சி. இடமா என்பது இன்னொரு கட்டம்.

வயது வரம்பு, மதிப்பெண் என்று எந்தச் சலுகையும் எடுக்காமல், பொதுப் பிரிவினருக்கு வைத்த அதே அளவுகோலில் தேர்வான எஸ்.சி. ஊழியரைப் பொது இடத்தில்தான் காட்ட வேண்டும், எஸ்.சி. கணக்கில் காட்டக் கூடாது. 1995 பிப்ரவரியில் ஆர்.கே. சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டைக் காலியிடக் கணக்கில் போடாமல் மொத்தப் பதவிகளின் கணக்கில் போட வேண்டும் என்று சொன்னதோடு இதையும் தெளிவாக்கியது. அதன் பிறகு 1997 ஜூலை 2-ஆம் தேதி மத்திய அரசின் பணியாளர் துறை போட்ட உத்தரவுதான் இன்றைய ரோஸ்டருக்கு அடிப்படை. ஒரே ஒரு விதிவிலக்கு: பொது ரேங்க்கில் கிடைக்கும் பதவியை விட ஒதுக்கீட்டு ரேங்க்கில் விருப்பமான பதவி கிடைக்கும் என்றால் அதை எடுத்துக்கொள்ளலாம், அப்போது ஒதுக்கீட்டு இடத்தில்தான் சேர்ப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு அலுவலகத்துக்கு மாற்றலில் போனபோது முதல் வேலையாக ரோஸ்டரைத் திறந்து பார்த்தேன். சொந்த மதிப்பெண்ணில் வந்த மூன்று எஸ்.சி. ஊழியர்களை 7, 15 என்று எஸ்.சி. எண்களுக்கு நேரே எழுதி வைத்திருந்தார்கள். எழுதின கிளார்க்குக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சாதிச் சான்றிதழைப் பார்த்திருக்கிறார், அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் விளைவைப் பாருங்கள். எஸ்.சி. இடங்கள் நிரம்பிவிட்டதாகக் கணக்கு காட்டியதால், அந்த அலுவலகம் பல வருடமாக எஸ்.சி. காலியிடமே கேட்கவில்லை. எங்கோ மூன்று வீட்டில் மூன்று பேருக்கு வேலை வராமல் போயிருக்கிறது. அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. சரிசெய்யக் குறிப்பு எழுதி, கையெழுத்து வாங்கி, நிரம்பாமல் நிற்கும் பேக்லாக் இடங்களாகக் காட்ட எனக்கு ஏழு மாதம் ஆனது.

அதனால் "கோட்டாவில் வந்த பொண்ணு" என்ற பேச்சை வெறும் பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நினைப்பு பதிவேட்டிலும் ஏறியிருந்தால் உங்கள் பெயரை வைத்து இன்னொருவரின் இடம் போயிருக்கும்.

பேக்லாக் பற்றியும் ஒரு வார்த்தை. நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களைத் தனித் தொகுப்பாக எடுத்துச் செல்லலாம், அந்த வருடத்தின் 50 சதவீத உச்சவரம்புக்குள் அவற்றைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2000-இல் வந்த 81-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொல்கிறது. ஆனாலும் நேர்காணல் வழி நிரப்பும் பதவிகளில் தகுதியானவர் கிடைக்கவில்லை என்ற பொருளில் 'நாட் ஃபவுண்ட் சூட்டபிள்' என்று மூன்று வார்த்தை எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுகிற வழக்கம் உண்டு. பத்து அல்லது அதற்கு மேல் காலியிடங்களுக்கான தேர்வுக் குழுவில் எஸ்.சி. அல்லது எஸ்.டி. உறுப்பினர் ஒருவரும் சிறுபான்மை உறுப்பினர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் முயற்சி செய்தால் போதும் என்றுதான் இருக்கிறது. ஒற்றைப் பதவிக்கு ஒதுக்கீடே கிடையாது. 2024 ஆகஸ்டில் 45 உயர்பதவிகளுக்கு நேரடியாக வெளியிலிருந்து ஆள் எடுக்க யு.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுத்து, ஒதுக்கீடு எங்கே என்று எதிர்ப்பு கிளம்பி மூன்றே நாளில் திரும்பப் பெற்றார்களே, அங்கேயும் இந்த ஒற்றைப் பதவிக் கணக்குதான். 45 பதவிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒதுக்கீடு வரும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் வராது.

பதவி உயர்வில் ஒதுக்கீடு ஒரு பெரிய கதை, இங்கே சுருக்கமாகப் போகிறேன். 1992-இல் இந்திரா சாஹ்னி தீர்ப்பு பதவி உயர்வில் கூடாது என்றது, 1995-இல் 77-ஆவது திருத்தம் எஸ்.சி., எஸ்.டி.க்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தது, 2001-இல் 85-ஆவது திருத்தம் அப்படி உயர்ந்தவரின் சீனியாரிட்டியையும் காப்பாற்றியது. 2006-இல் நாகராஜ் வழக்கு, 2018-லும் 2022-லும் ஜர்னைல் சிங் வழக்கு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. இப்போதைய நிலை, பிரதிநிதித்துவம் போதவில்லை என்பதற்கான புள்ளிவிவரத்தை அரசு ஒவ்வொரு கேடருக்கும், அதாவது ஒரே வகைப் பதவிகளின் தொகுதிக்கும், தனியாகக் காட்ட வேண்டும். புள்ளிவிவரம் என்றால் எது? அதே ரோஸ்டர்தான். பதிவேடு தப்பாக இருந்தால் நீதிமன்றத்தில் வைக்கிற கணக்கும் தப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து ஏ.பி.ஏ.ஆர்., அதாவது வருடாந்திரச் செயல்பாட்டு அறிக்கை. என்னைக் கேட்டால் இதுதான் மிகவும் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்க்கிற காகிதம். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். 8 முதல் 10 வரை மிகச் சிறப்பு, 6 முதல் 8-க்குள் மிக நன்று, 4 முதல் 6-க்குள் நன்று. 'நன்று' என்று படித்தால் பாராட்டு மாதிரி இருக்கும். ஆனால் 10, 20, 30 வருடத்தில் வரும் எம்.ஏ.சி.பி. நிதி உயர்வுக்கு 2016 ஜூலையிலிருந்து 'மிக நன்று' வேண்டும். ஆக 5.8 வாங்கியவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதாமல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்திவிடலாம்.

முன்பெல்லாம் இந்த அறிக்கை ரகசியம். மோசமான குறிப்பு இருந்தால் மட்டும் சொல்வார்கள். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்ற பொறியாளருக்கு ஒரே ஒரு வருடம் 'நன்று' என்று போட்டிருந்தார்கள், பதவி உயர்வுக்கு ஐந்து வருடமும் 'மிக நன்று' வேண்டும், அவரை விட்டுவிட்டார்கள், அவருக்கு அந்த 'நன்று' பற்றியே தெரியாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் எந்தக் குறிப்பானாலும், நல்லதோ கெட்டதோ, ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. 2009 மே மாதம் பணியாளர் துறை உத்தரவு போட்டது. அறிக்கை முழுவதையும் உங்களிடம் காட்ட வேண்டும், கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் எதிர்த்து எழுதலாம்.

அந்த 15 நாளைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், அதுவும் புதிதாக வந்தவர்கள். அதிகாரியைப் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்ற பயம். நானே என் நாலாவது வருடத்தில் அப்படி விட்டவன். பின்னால் என் நிதி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனபோதுதான் உறைத்தது. எதிர்த்து எழுதுவது சண்டை இல்லை. "இந்த வருடம் இத்தனை ஃபைல் முடித்திருக்கிறேன், நிலுவை இத்தனை, என்னிடம் எந்த மெமோவும் கொடுக்கப்படவில்லை, 5.8-க்கான காரணம் அறிக்கையில் இல்லை" என்று நாலு வரி போதும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒன்று இதில் இருக்கிறது. அறிக்கையில் சுயமதிப்பீட்டுப் பகுதியை நீங்களே எழுத வேண்டும், என்ன வேலை செய்தேன் என்று. அதில் எல்லோரும் பெருமையாக எழுதப் பார்ப்பார்கள். நீங்கள் உள்ளதை எழுதுங்கள்: இந்த வருடம் முழுவதும் தபால் பதிவும் அனுப்புகையும் மட்டுமே ஒப்படைக்கப்பட்டது, இன்ன தேதியில் வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தேன், இன்ன பயிற்சிக்குப் பெயர் பரிந்துரைக்கக் கேட்டேன், பதில் வரவில்லை. அந்தக் காகிதத்தில் மேலதிகாரிகள் இருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பின்னால் யாரும் "அவர் கேட்கவே இல்லையே" என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஒரு அதிகாரியின் கீழ் குறைந்தது மூன்று மாதம் வேலை பார்த்திருந்தால்தான் அவர் உங்களுக்கு அறிக்கை எழுத முடியும். மாற்றலில் வந்து ஆறு வாரத்தில் எழுதினால் செல்லாது.

பெண் என்ற முறையில் தெரிந்திருக்க வேண்டியவை தனி. 1992-இல் ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் சாத்தின் எனப்படும் கிராமப் பணியாளராக வேலை பார்த்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் செய்தது அரசு கொடுத்த வேலை. அந்த வேலையைச் செய்ததால் வந்த ஆபத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியிலிருந்துதான் 1997-இல் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன, 2013 டிசம்பர் 9 முதல் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. உங்கள் அலுவலகத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள் குழு இருக்கிறதா, தலைவி யார், வெளியிலிருந்து வரும் உறுப்பினர் யார் என்று அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், விசாரணை 90 நாளுக்குள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. விசாரணை நடக்கும்போது, புகாருக்கு ஆளான அதிகாரி உங்கள் ஏ.பி.ஏ.ஆர். எழுதக் கூடாது, வேறு அதிகாரி எழுத வேண்டும் என்று குழுவிடம் எழுத்தில் கேட்கலாம், விதி 8-இல் இருக்கிறது. புகார் கொடுத்தவளையே மாற்றல் செய்து அனுப்புகிற பழைய வழக்கத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. மாற்றல் நீங்கள் எழுதிக் கேட்டால்தான், அதுவும் உங்களையோ அவரையோ என்று கேட்கலாம்.

பேறுகால விடுப்பிலும் இந்தக் காகிதக் கணக்கு வரும். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், அப்போது அவர் வேலையிலேயே இல்லை. வேலைக்கு வந்து, மறுமணம் செய்து, அந்தத் திருமணத்தில் பிறந்த குழந்தைக்காக விடுப்புக் கேட்டபோது, இரண்டு குழந்தைகளுக்கு மேல் கிடையாது என்று மறுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார், இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் மறுத்தது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. ஒரு விடுப்பு விண்ணப்பம் டெல்லி வரை போய்வர வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டம் நன்றாகவே இருக்கிறது, 2016-ஆம் ஆண்டுச் சட்டம். 4 சதவீத ஒதுக்கீடு. பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு அனுப்பவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு பதவி தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் அவருக்காகவே ஒரு பதவியை உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். பழைய 1995 சட்டத்திலும் இது இருந்தது. பணியில் அடிபட்டு இடது காலை இழந்த குணால் சிங் என்ற காவலரை மருத்துவக் காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பியபோது, 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத்தான் எடுத்துக் காட்டியது.

ஆனால் அலுவலகத்துக்குள் இதெல்லாம் எப்படி மாறுகிறது என்று ஒன்று சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர், சின்ன வயதில் போலியோ வந்தவர், இரண்டு கையிலும் ஊன்றுகோல். பிரிவு இரண்டாவது மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் காலை ஒன்பதரைக்கு அதிகாரிகள் வந்து இறங்கும் வரைக்கும் கீழேயே நிறுத்தி வைத்திருப்பார்கள். இவர் காத்திருந்து மேலே வரும்போது பயோமெட்ரிக்கில் பத்து நிமிடம் தாமதம் என்று பதிவாகும். மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு கழித்துவிட்டார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதம் ஒரு நாள் விடுப்பு போய்க்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, சட்டத்தின் 23-ஆவது பிரிவில் சொல்கிற குறைதீர்ப்பு அலுவலரிடம் கொடுத்தோம். அப்படி ஒருவரை நியமித்திருக்க வேண்டும் என்பதே அப்போதுதான் நிர்வாகத்துக்கு நினைவு வந்தது. அவர் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நடந்ததென்னவோ, பயோமெட்ரிக் இயந்திரத்தைத் தரைத்தளத்துக்கு இறக்கினார்கள். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

நியாயமான வசதி செய்து தருவது என்று சட்டம் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி பதவிக்குப் பார்வைக் குறைபாடு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தகுதியில்லை என்று வைத்திருந்த வரம்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில், அந்தத் தீர்ப்பு இந்த நியாயமான வசதி என்ற கொள்கையைப் பார்க்கவே இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில் பார்வையற்றவர்களை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று தெளிவாகவே தீர்ப்பு வந்தது. முத்தம்மாவைத் தாண்டிப் போன அதே வெளியுறவுப் பணியில் 2015-இல் சென்னையைச் சேர்ந்த பெனோ ஸெஃபைன், முழுமையாகப் பார்வையற்ற முதல் அதிகாரியாகச் சேர்ந்தார். அதே வருடம் நவம்பரில்தான், விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் இரண்டே கட்டங்கள் இருந்ததால் ஆரம்பத்திலேயே நிராகரிக்கப்பட்ட திருநங்கை பிரித்திகா யாஷினியைக் காவல் உதவி ஆய்வாளராக நியமிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கட்டம் அச்சடிக்காமல் விட்டதால் ஒரு மனுஷியின் வாழ்க்கை வாசலிலேயே நின்றிருக்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை யாரும் இந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை, எனக்கு அது ஆறாத விஷயம். 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் மத்திய அரசில் ஒதுக்கீடு உண்டு. ஆனால் வேலையையே ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டால் ரோஸ்டரும் இல்லை, சீனியாரிட்டியும் இல்லை. காலையில் உங்களுக்கு முன்னால் வந்து கழிப்பறை கழுவுகிற அம்மா எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் அவருக்கும் பொருந்தும், ஒப்பந்தத்தில் வந்தாலும் தினக்கூலியானாலும் அந்த உள் குழுவிடம் அவரும் புகார் கொடுக்கலாம். முடிந்தால் அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் உங்கள் அதிகாரிக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம், பிரிவு மாற்றமும் பயிற்சியும் கேட்டு. அதில் சாதியைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்களோடு சேர்ந்தவர்கள் எத்தனை பிரிவு மாறினார்கள், எத்தனை பயிற்சிக்குப் போனார்கள் என்று பணிப் பங்கீட்டு ஆணைகளைச் சேர்த்து வையுங்கள். நான்கு பேர் மாறியிருக்க ஒருவர் மட்டும் மாறாமல் இருந்தால் அந்த ஆணைகளே பேசும்.

பதில் வராவிட்டால் தொடர்பு அலுவலர், எல்லோரும் லையசன் ஆபீசர் என்பார்கள். எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒருவர், ஓ.பி.சி.க்குத் தனியாக ஒருவர். வருடத்துக்கு ஒரு முறை ரோஸ்டரைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். கூடவே பத்து ரூபாய் கட்டி ஒரு ஆர்.டி.ஐ. மனு, 30 நாளில் பதில் வர வேண்டும்: உங்கள் கேடரின் ரோஸ்டர் நகல், கடைசியாக எந்தத் தேதியில் தொடர்பு அலுவலர் சோதித்தார், பேக்லாக் எத்தனை. இந்த மூன்று மட்டும் கேளுங்கள். அடுத்தவரின் ஏ.பி.ஏ.ஆர். கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள், மனுவே அதில் மாட்டிக்கொள்ளும்.

காதுபடப் பேசுவது எல்லை மீறிச் சாதிப் பெயர் சொல்லி அவமானப்படுத்துவதாகப் போனால் அது வேறு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். பிறர் பார்க்கும்படியான இடத்தில் நடந்ததா என்பது அங்கே முக்கியமான கேள்வி, அதனால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

தேசிய எஸ்.சி. ஆணையத்துக்கும் எழுதலாம், சாட்சியை வரவழைக்கவும் ஃபைலைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு, அங்கிருந்து கடிதம் வந்தால் தூங்குகிற ஃபைல் எழுந்துவிடும். ஆனால் தடை உத்தரவு போட முடியாது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பதவி உயர்வு நடக்கப் போகிறது, அதை நிறுத்த வேண்டும் என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்தான், சென்னையில் அதற்கு அமர்வு இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருந்து, அதிலிருந்து ஒரு வருடம். நினைவூட்டல் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் கெடு நீளாது, இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். மாநில அரசு ஊழியர் என்றால் தமிழ்நாட்டில் நேரே உயர் நீதிமன்றம். ஒதுக்கீட்டு அளவும் அங்கே 69 சதவீதம் என்று வேறு கணக்கு, ஆனால் உள் குழுவும் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

உங்கள் விஷயத்தில் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுங்கள். ரோஸ்டர் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று நிர்வாகப் பிரிவில் கேளுங்கள், கேடர் எந்த அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அங்கேதான் இருக்கும், சில சமயம் அது சென்னையாக இருக்காது. நகல் கைக்கு வந்ததும் உங்கள் பெயருக்கு நேரே 'எந்த இடத்தில் நிரப்பப்பட்டார்' என்ற கட்டத்தைப் பாருங்கள். பொது என்று இருந்தால் நல்லது. எஸ்.சி. என்று இருந்து, நீங்கள் எந்தச் சலுகையும் எடுக்கவில்லை, பதவி விருப்பத்துக்காக ஒதுக்கீட்டு ரேங்க்கையும் பயன்படுத்தவில்லை என்றால், தேர்வு முடிவில் உங்கள் மதிப்பெண்ணும் பொதுப் பிரிவுக் கட் ஆஃபும் இருக்கிற பக்கத்தை இணைத்துத் திருத்தம் கேட்டு எழுதுங்கள். அது திருந்தினால் எஸ்.சி. கணக்கில் ஓரிடம் காலியாகும், அடுத்த தேர்வில் அதற்கு ஒருவர் வருவார்.